தன் கூடாரத்துக்குள் மௌனமான ஓர் அறிவியலாளர்

புனிதர்களையும் மறைப்பணியாளர்களையும் பற்றித்தான் இந்தப் பகுதியில் நாம் வழக்கமாகச் சிந்தித்து வருகிறோம். இம்முறை கடவுளை ஏற்காத ஒருவரின் வாழ்வை எடுத்துக்கொள்கிறோம். இதற்கு இங்கு என்ன இடம் என்று சிலர் நினைக்கலாம். ஆனால் அவர் கையாண்ட மரபியல் நம் துறவி ஒருவரின் தோட்டத்தில் பிறந்த கல்வி. அவர் தம் கடைசி ஏழு ஆண்டுகளை நம் நாட்டில் வாழ்ந்து, நம் நாட்டவராகவே இறந்தார். எல்லாருக்கும் எதிராகத் துணிந்து பேசியவர், தாம் சேர்ந்திருந்த தரப்பு தவறியபோது மட்டும் தயங்கி நின்றார். அந்தத் தயக்கம் நமக்கு அந்நியமானதல்ல.

அவர் பெயர் ஜான் பர்டன் சாண்டர்சன் ஹால்டேன். ஜே.பி.எஸ். ஹால்டேன் என்றால் அறிவியல் படித்தவர்களுக்குத் தெரியும். 1892 நவம்பர் 5இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன் மனிதர் சுவாசிக்கும் காற்றை ஆராய்ந்த உடலியல் அறிஞர். நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளர் ஏன் திடீரென்று மயங்கி இறக்கிறார்கள் என்று கண்டறிய அவரே சுரங்கத்துக்குள் இறங்குவார். நச்சுக் காற்றை முன்கூட்டியே அறிந்துகொள்ளச் சிறு பறவைகளை உடன் எடுத்துச் செல்லலாம் என்று சொன்னவரும் அவர்தான். நம் தொப்பூர்ப் பக்கத்தில் பழைய கிணற்றில் தூர்வார இறங்குமுன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்களே, ஏறக்குறைய அதே முன்னெச்சரிக்கைதான்.

சிறுவன் ஹால்டேனையும் தந்தை சுரங்கத்துக்கு அழைத்துப் போனார். ஒருமுறை சுரங்கத்தின் கூரையை ஒட்டி எரிவாயு தேங்கியிருந்த இடத்தில் அவனை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் ஒரு நீண்ட உரையை ஒப்பிக்கச் சொன்னார். சில வரிகளிலேயே மூச்சு வாங்கியது, கால் துவண்டது, சிறுவன் கீழே விழுந்தான். தரையை ஒட்டி நல்ல காற்று இருந்ததால் பிழைத்துக்கொண்டான். அந்த வாயு காற்றைவிட இலேசானது, மேலேதான் நிற்கும் என்ற பாடத்தை அவன் பிறகு மறக்கவே இல்லை. இப்படிக் கற்பிக்க நம் பெற்றோர் யாரும் துணிய வேண்டாம்! ஆனால் பிறருக்கு ஆபத்தான ஒன்றை முதலில் தன் உடலில் சோதித்துப் பார்க்கும் பழக்கம் ஹால்டேனுக்கு அந்தச் சுரங்கத்தில்தான் வந்தது.

ஆக்ஸ்போர்டில் அவர் கணிதமும், பிறகு கிரேக்க, இலத்தீன் இலக்கியமும் மெய்யியலும் படித்தார். அறிவியலில் பட்டமே பெறவில்லை! முதல் உலகப்போர் வந்ததும் படையில் சேர்ந்தார். பதுங்குகுழியில் இருந்தபடியே, தம் தங்கை நவோமியுடனும் நண்பர் ஒருவருடனும் சேர்ந்து எலிகளை வைத்துச் செய்த ஆய்வைக் கட்டுரையாக்கினார். அது 1915இல் வெளிவந்தது. சில பண்புகள் தனித்தனியே அல்லாமல் ஒன்றோடொன்று சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குப் போகின்றன என்பதைப் பாலூட்டிகளில் முதலில் காட்டியவர்களில் அவர்களும் அடங்குவர். அந்த நண்பர் போரில் இறந்துபோனார். ஹால்டேன் இருமுறை காயமடைந்தார். இரண்டாம் முறை மெசபொத்தேமியாவில் காயம் பட்டபோது, குணமடைவதற்காக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். நாட்டின் அழகும் மக்களும் அவரைக் கவர்ந்தார்கள். ஆனால் ஆளும் இனத்தானாக இங்கு வாழ மனம் ஒப்பவில்லை. இந்தியருடன் சமமாகப் பழக முடிகிற காலம் வந்தால்தான் திரும்பி வருவது என்று தீர்மானித்துக்கொண்டு போனார். அது நடக்க நாற்பது ஆண்டுகள் ஆயின.

போருக்குப் பிறகு ஆக்ஸ்போர்டிலும், 1923 முதல் கேம்பிரிட்ஜிலும் பணியாற்றினார். அவருடைய பெரிய சாதனை இந்தக் காலத்தில் தொடங்கியது. சற்று விளக்கமாகவே சொல்ல வேண்டும்.

மொராவியாவின் ப்ருனோ நகரில் அகுஸ்தீன் சபைத் துறவி கிரகோர் மெண்டல், 1856 முதல் 1863 வரை மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்து, பண்புகள் எந்தக் கணக்கில் தலைமுறை தாண்டுகின்றன என்று எண்ணிப் பார்த்தார். 1866இல் வெளியிட்டார். யாரும் பொருட்படுத்தவில்லை. 1884இல் அவர் இறந்து, 1900இல்தான் உலகம் அதைக் கண்டுகொண்டது. அப்போதும் ஒரு சிக்கல். இயற்கைத் தேர்வினால் உயிரினங்கள் மெல்ல மெல்ல மாறுகின்றன என்று டார்வின் சொன்னதும், பண்புகள் துண்டுதுண்டாகவே கைமாறுகின்றன என்று மெண்டல் கண்டதும் ஒன்றோடொன்று பொருந்துமா என்று அறிஞர்கள் வாதிட்டார்கள். பொருந்தும் என்று கணிதத்தால் காட்டியவர்கள் மூவர்: ரொனால்டு ஃபிஷர், சீவல் ரைட், ஹால்டேன். 1924 முதல் பத்து ஆண்டுகளில் ஹால்டேன் பத்துக் கட்டுரைகள் எழுதினார். தொழிற்சாலைப் புகையால் மரங்கள் கறுத்துப்போன மான்செஸ்டர் பகுதியில் வெளிர்நிற அந்துப்பூச்சிகள் குறைந்து, கருநிறப் பூச்சிகள் பெருகின. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் நடந்த இந்த மாற்றத்துக்கு, கருநிறப் பூச்சி மற்றதைவிட ஒன்றரை மடங்கு பிழைத்திருந்தால் போதும் என்று கணக்கிட்டார். இவற்றையெல்லாம் தொகுத்து, பரிணாமத்தின் காரணங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1932இல் வந்தது.

பரிணாமம் என்றதும் நம்மில் சிலருக்கு இன்றும் ஒரு நடுக்கம். அது தேவையில்லை. மனித உடலின் தோற்றத்தைப் பற்றிய ஆய்வுக்குத் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1950லேயே இடம் கொடுத்தார். அது வெறும் ஊகம் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று 1996இல் திருத்தந்தை 2ஆம் யோவான் பவுல் ஏற்றுக்கொண்டார். ஆன்மா கடவுளிடமிருந்து வருவது என்பதில் திருச்சபை உறுதியாக நிற்கிறது. அந்துப்பூச்சியின் நிறம் அந்த உறுதியைத் தொடுவதில்லை.

கேம்பிரிட்ஜில் அவருடைய சொந்த வாழ்வு புயலைக் கிளப்பியது. மணமான பெண் ஒருவருடன் உறவு கொண்டு, அவர் மணமுறிவு பெற்ற பின் அவரை மணந்துகொண்டார். ஒழுக்கக்கேடு என்று பல்கலைக்கழகம் 1925இல் அவரைப் பதவி நீக்கியது. அவர் மேல்முறையீடு செய்து 1926இல் வேலையைத் திரும்பப் பெற்றார். திருமண வாழ்வில் அவரைப் பின்பற்றுங்கள் என்று நாம் சொல்லப் போவதில்லை. தன் நிலைப்பாட்டுக்காக நிறுவனத்தோடு மோத அவர் அஞ்சாதவர் என்பதற்காகவே இதைச் சொல்கிறோம். நம் மறையையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஆர்னல்டு லண் என்ற எழுத்தாளரோடு அறிவியலும் கடவுளும் குறித்துக் கடிதங்கள் வழியே நீண்ட விவாதம் நடத்தினார். அது நூலாக 1935இல் வந்தது. இதற்கிடையில், 1933இல், லண் கத்தோலிக்கரானார்! ஹால்டேன் அசையவில்லை.

1933இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக்குப் பேராசிரியராகப் போனார். அந்த ஆண்டுதான் ஜெர்மனியில் இட்லர் ஆட்சிக்கு வந்தார். பரம்பரை நோய் உள்ளவர்களைக் கட்டாயமாக மலடாக்கும் சட்டம் அதே ஆண்டு ஜூலையில் வந்தது. ஏறத்தாழ 4 இலட்சம் பேர் அதற்கு இரையானார்கள். ஜெர்மனியில் மட்டுமல்ல, அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் இத்தகைய சட்டங்கள் இருந்தன. படித்தவர்கள் பலர் அதை முன்னேற்றம் என்று கொண்டாடினார்கள். நம் திருச்சபை 1930லேயே திருத்தந்தை 11ஆம் பத்திநாதரின் சுற்றுமடல் வழியாக அதைக் கண்டித்தது. மனிதருடைய மாண்பை முன்வைத்து நாம் எதிர்த்தோம். ஹால்டேனோ கணக்கை முன்வைத்து எதிர்த்தார்.

அந்தக் கணக்கு எளியது. ஒரு நோய் 10,000 பேரில் ஒருவருக்கு வருகிறது என்போம். தாய் வழியிலும் தந்தை வழியிலும் இரண்டு குறை மரபணுக்கள் சேர்ந்தால்தான் அந்த நோய் வெளிப்படும். ஒரே ஒரு குறை மரபணுவைச் சுமந்துகொண்டு, நோயே இல்லாமல் நலமாக நடமாடுபவர்கள் எத்தனை பேர்? ஏறத்தாழ ஐம்பது பேரில் ஒருவர்! நோயாளிகளை ஒருவர் விடாமல் மலடாக்கினாலும் அந்த மரபணு பாதியாகக் குறைய 100 தலைமுறைகள், அதாவது ஏறத்தாழ 2,500 ஆண்டுகள் ஆகும். எனவே அந்தச் சட்டம் கொடுமையானது மட்டுமல்ல, மடமையானதும்கூட. மரபியலைப் படித்தவன் அதன் பெயரால் நடக்கும் அநீதியைக் கண்டு வாளாவிருக்கக் கூடாது என்று 1938இல் மரபுவழியையும் அரசியலையும் பற்றி ஒரு நூலே எழுதினார். ஜெர்மனியிலிருந்து துரத்தப்பட்ட யூத அறிவியலாளர்களுக்குத் தம் துறையில் இடம் தேடிக் கொடுத்தார்.

ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசுத் தரப்புக்கு உதவ அங்கு மும்முறை சென்றார். அந்தப் போரில் நம் குருக்களும் துறவியரும் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டது அந்தத் தரப்பின் பகுதிகளில்தான் என்பதை நாம் மறக்க இயலாது. அங்கு அவர் கண்டது வானிலிருந்து விழும் குண்டுகளில் சாகும் எளியோரை. திரும்பி வந்து, ஏழைகளும் பாதுகாப்பாக ஒதுங்க நிலவறைகள் கட்டுங்கள் என்று அரசை நெருக்கினார். 1939 ஜூன் முதல் நாள் தெட்டிஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பல் லிவர்பூல் அருகே மூழ்கி 99 பேர் மூச்சடைத்து இறந்தபோது, தொழிற்சங்கங்கள் காரணம் கண்டறிய அவரை அழைத்தன. இரும்புக் கூண்டுக்குள் தம்மையே அடைத்துக்கொண்டு அவர் சோதித்தார். இத்தகைய சோதனைகளில் வலிப்பு வந்து முதுகெலும்பு நொறுங்கியது, செவிப்பறை கிழிந்தது. அந்த முதுகுவலி சாகும்வரை உடன் இருந்தது.

பாசிசத்தை எதிர்க்க வேறு யாரும் முன்வராதபோது கம்யூனிஸ்டுகளே நிற்கிறார்கள் என்று நம்பி, அவர்களோடு சேர்ந்தார். 1937 முதல் கட்சி நாளேடான டெய்லி ஒர்க்கரில் தொழிலாளருக்குப் புரியும் மொழியில் வாரந்தோறும் அறிவியல் எழுதினார். முந்நூறுக்கும் மேற்பட்ட கட்டுரைகள். 1940 முதல் அதன் ஆசிரியர் குழுத் தலைவரும் ஆனார்.

சோதனை அந்தப் பக்கத்திலிருந்தே வந்தது.

சோவியத் நாட்டில் நிக்கொலாய் வவிலோவ் என்ற மாபெரும் தாவரவியலாளர் இருந்தார். உலகெங்கும் அலைந்து நெல், கோதுமை, பயறு என்று விதைகளைச் சேகரித்தவர். மக்கள் பட்டினி கிடக்கக் கூடாது என்பதே அவருடைய கனவு. 1928இல் ஹால்டேனைத் தம் நாட்டுக்கு அழைத்து விருந்தோம்பியவரும் அவர்தான். மறுபுறம் திரோஃபிம் லைசென்கோ. குளிரூட்டிப் பதப்படுத்தினால் விதையின் இயல்பையே மாற்றிவிடலாம், மாறிய இயல்பு சந்ததிக்கும் போகும், மெண்டலின் மரபியல் முதலாளிகளின் பொய் என்று அவர் பேசினார். ஒரு துறவி கண்டது எப்படி உண்மையாகும் என்ற ஏளனமும் அந்தக் கூட்டத்தில் இருந்தது. விளைச்சலை உடனே பெருக்கிக் காட்டுகிறேன் என்றவரைத் தலைவர் ஸ்டாலின் நம்பினார். 1938இல் லைசென்கோ வேளாண் கழகத்தின் தலைவரானார்.

1939இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பன்னாட்டு மரபியல் மாநாடு கூடியது. தலைவராக வவிலோவ் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். அவரை வரவிடவில்லை. (நம் கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஜானகி அம்மாள் அந்த மாநாட்டுக்காக மேல்நாடு போனவர், போர் மூண்டதால் அங்கேயே தங்கி ஆய்வைத் தொடர்ந்தார்.) 1940 ஆகஸ்டில் வவிலோவ் கைது செய்யப்பட்டார். 1943 ஜனவரி 26இல் சராத்தோவ் நகரச் சிறையில் இறந்தார். உலகத்தின் பசியைப் போக்க விதை சேர்த்தவர், சிறையில் பட்டினியால் நலிந்து இறந்தார். அவர் சேர்த்த விதைகளை லெனின்கிராடு முற்றுகையின்போது காத்த உதவியாளர் பலர், கையருகில் தானியம் இருந்தும் அதைத் தொடாமல் பசியால் மடிந்தார்கள். இவர்களை நினைக்கும்போது நமக்கு மறைச்சாட்சிகளின் நினைவே வருகிறது.

1948 ஆகஸ்டில் லைசென்கோவின் கருத்தே கட்சியின் கருத்து என்று மாஸ்கோவில் அறிவிக்கப்பட்டது. மரபியலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தார்கள். மெண்டல் பாடநூல்களிலிருந்து அகற்றப்பட்டார். சோவியத்தில் சில ஆண்டுகள் பணியாற்றியவரும் இடதுசாரியுமான அமெரிக்க அறிஞர் ஹெர்மன் முல்லர், சோவியத் அறிவியல் கழகத்திலிருந்து வெளிப்படையாக விலகினார். ஆங்கில அறிஞர் ஹென்றி டேல் விலகினார். உலகம் ஹால்டேனைப் பார்த்தது. மெண்டலைக் கணிதத்தால் நிலைநாட்டியவர் அல்லவா! அவரிடமிருந்து அத்தகைய அறிவிப்பு எதுவும் வரவில்லை.

அந்த ஆண்டு பிபிசி வானொலி நான்கு அறிஞர்களைப் பேச வைத்தது. மூவர் லைசென்கோவை வெளிப்படையாகச் சாடினார்கள். ஹால்டேன் மட்டும் சுற்றிச் சுற்றிப் பேசினார். முழு ஆதாரமும் மொழிபெயர்ந்து வரட்டும், சில கருத்துகளில் பொருள் இருக்கலாம் என்ற போக்கில் போனது அவர் பேச்சு. மரபியல் பொய் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. தம் ஆய்வில் ஓர் எண்ணைக்கூடக் கட்சிக்காக மாற்றவில்லை. கட்சிக் கூட்டங்களுக்குள் மெண்டலியலுக்காக வாதாடவும் செய்தார். ஆனால் தம்மை விருந்தோம்பிய நண்பன் எப்படிச் செத்தான் என்று உரக்கக் கேட்க வேண்டிய நேரத்தில் கேட்கவில்லை. அவருடைய முன்னாள் மனைவி சார்லட், 1941இல் செய்தியாளராக ரஷ்யா போய்க் கண்ணால் கண்டதும் கட்சியை விட்டு வெளிவந்தார். கணவருக்கு இன்னும் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் தேவைப்பட்டன. 1950 அளவில் அவர் அமைதியாக விலகினார். அறிக்கை இல்லை, கதவை அறைந்து சாத்தும் ஓசை இல்லை. யாரையும் எதிர்த்து எழுந்த சிங்கம், தன் சொந்தக் கூடாரத்தில் பூனைபோல் வெளியேறியது.

ஏன்? எதிரிகளின் கையில் ஆயுதம் கொடுத்துவிடக் கூடாது என்ற எண்ணமாக இருக்கலாம். தம் வாழ்வின் நல்ல ஆண்டுகளைக் கொடுத்த இயக்கம் தவறிவிட்டது என்று ஏற்பது எளிதல்ல. தலைமைக்குருவின் வீட்டு முற்றத்தில் தீக்காய்ந்துகொண்டிருந்த பேதுருவும் கோழையல்ல. சற்று முன் வாளை உருவியவர்தான். நம் திருச்சபையைக் குறித்தும் நாம் நேர்மையாக இருப்போம். கலிலேயோவை 1633இல் மௌனமாக்கிய நாம், அதைத் தவறு என்று வெளிப்படையாக ஏற்றது 1992இல். பரிணாமத்தை இறைநம்பிக்கையோடு சேர்த்துச் சிந்தித்த இயேசு சபைக் குரு தெயார் தெ சார்தெனுக்குத் தம் முக்கிய நூல்களை உயிரோடு இருக்கும்வரை வெளியிட அனுமதி கிடைக்கவில்லை. அப்போது உள்ளே இருந்த எத்தனை பேர் வாய் திறந்தார்கள்? வவிலோவுக்கு நடந்ததோடு இவற்றை ஒப்பிட முடியாது, உண்மைதான். என்றாலும் ஹால்டேனைத் தீர்ப்பிடும் முன் நாம் சற்று மூச்சு வாங்கிக்கொள்வது நல்லது.

1957 ஜூலையில், 64 வயதில், அவர் இந்தியாவுக்கு வந்தார். சூயஸ் கால்வாய்க்காக 1956இல் பிரிட்டன் எகிப்து மீது படையெடுத்தது அவருக்கு அவமானமாக இருந்தது. அவருடைய இரண்டாம் மனைவி, அறிவியலாளர் ஹெலன் ஸ்பர்வே, காவல்துறை நாயின் வாலை மிதித்த வழக்கில் தண்டத்தொகை கட்ட மறுத்துச் சிறை சென்ற வேடிக்கையும் அப்போது நடந்தது. இங்கிலாந்தில் வாழ்நாளெல்லாம் காலுறை அணிந்தது போதும் என்பதையும் அவர் ஒரு காரணமாகச் சொன்னார்! கல்கத்தாவை அடுத்த பரானகரில், பேராசிரியர் மகலனோபிஸ் நடத்திய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். வேட்டியும் ஜிப்பாவும் அணிந்தார். இறைச்சி உண்பதை விட்டார். தாம் ஆசிரியராக இருந்த மரபியல் ஆய்விதழையும் கையோடு கொண்டுவந்துவிட்டார். 1961இல் இந்தியக் குடியுரிமை பெற்றார்.

பெரிய கருவிகள் இல்லையே என்று இளைஞர்கள் தயங்கியபோது, கண்ணும் பொறுமையும் போதும் என்றார். உயிரைக் கொல்லாமலே உயிரியல் செய்யலாம் என்றார். ஒரு மாணவர், தரையில் முட்டையிடும் ஆள்காட்டிக் குருவியை நாள் முழுதும் கவனித்து எழுதினார். இன்னொருவர் இரண்டு நெல் வகைகளைக் கலந்து விதைத்தால் தனித்தனியே விதைப்பதைவிடக் கூடுதலாக விளையக்கூடும் என்று கண்டார். தென்னையின் ஓலைகள் சில மரங்களில் இடப்புறமாகவும் சிலவற்றில் வலப்புறமாகவும் சுற்றி வருவதை எண்ணியவர் ஒருவர். அந்த ஆசிரியருக்கே அறிவியல் பட்டம் இல்லையே! பட்டத்தைப் பார்த்து வேலை கொடுக்கும் நம் நிறுவனங்களின் வழக்கம் அவருக்கு எரிச்சலூட்டியது.

அவர் தூண்டிவிட்ட ஆய்வுகளில் ஒன்று நம்மை நேரடியாகத் தொடுகிறது. தென்னிந்தியாவில் தாய்மாமனையும் அத்தை, மாமன் மக்களையும் மணக்கும் வழக்கம் மரபியலுக்கு அரிய பாடம் என்று கண்டு, தம் மாணவர் கிருஷ்ண துரோணம்ராஜுவை ஆந்திராவில் ஆராயச் சொன்னார். கணக்கு இதுதான்: தாய்மாமனை மணந்த பெண்ணின் பிள்ளைக்கு, ஒரே மூதாதையரின் மரபணு தாய் வழியிலும் தந்தை வழியிலும் வந்து இரட்டையாகச் சேரும் வாய்ப்பு எட்டில் ஒரு பங்கு. அத்தை மகன், மாமன் மகள் என்றால் பதினாறில் ஒரு பங்கு. மறைந்துகிடக்கும் குறை மரபணு வெளியே வர அதுவே வழி. தொப்பூர்க் கணவாயின் இருபுறமும் உள்ள ஊர்களில் முறை விட்டுப்போகக் கூடாது என்ற பேச்சை நாம் கேட்காத ஆண்டில்லை. திருமண ஓலைக்காக வருகிற குடும்பத்திடம் இரத்த உறவுத் தடை என்கிறோம். ஆயர் இல்லத்திலிருந்து விதிவிலக்கு வாங்கிக் கொடுங்கள் சாமி என்று அவர்கள் கேட்கிறார்கள். விதிவிலக்குக் கடிதம் தடையை நீக்கும், மரபணுவை மாற்றாது. எல்லாப் பிள்ளைகளும் குறையோடு பிறப்பார்கள் என்று அச்சுறுத்துவதும் தவறு, பெரும்பாலோர் நலமாகவே பிறக்கிறார்கள். கணக்கைச் சொல்லிவிட்டுத் தீர்மானத்தை அவர்களிடம் விடுகிறோம்.

இன்னொன்றும் உண்டு. மலேரியா பரவிய நாடுகளில் ஒருவகை இரத்தக் குறை ஏன் இத்தனை மிகுதி என்று 1949இல் அவர் கேட்டார். இரண்டு குறை மரபணு இருந்தால் நோய். ஒன்று மட்டும் இருந்தால் மலேரியாவிடமிருந்து ஓரளவு காப்பு. அதனால்தான் அது மறையாமல் நிற்கிறது என்று ஊகித்தார். அரிவாள் இரத்தச் சோகையில் இது பொருந்துகிறது என்று 1954இல் ஆப்பிரிக்காவில் காட்டப்பட்டது. அதே மரபணு நம் நீலகிரிப் பழங்குடியினரிடம் இருப்பது 1952இல் கண்டறியப்பட்டிருந்தது. இன்றும் அந்த மலைகளில் அது ஒரு பெரும் நலப் பணி.

ஆனால் இந்தியாவிலும் அவர் நிம்மதியாக இருக்கவில்லை. 1961 ஜனவரியில், அமெரிக்காவிலிருந்து வந்திருந்த இரண்டு மாணவர்களுக்கு அவர் விருந்து ஏற்பாடு செய்ய, அமெரிக்கத் தகவல் அலுவலகம் அதற்கு அவர்களை அனுப்பவில்லை. அவமதிப்பு என்று கருதி உண்ணாநோன்பு இருந்தார். அடுத்த மாதமே, சோவியத் தலைவர் ஒருவரின் வருகைக்காகத் தம் துறையினரின் திட்டங்களை நிறுவனம் மாற்றியது என்று மோதி, வேலையை விட்டே விலகினார். ஒரே குளிர்காலத்தில் அமெரிக்கரோடும் சண்டை, சோவியத்துக்காக வளைந்தவர்களோடும் சண்டை! கோபம் சில வேளை அளவு மீறியதுதான்; மகலனோபிஸ் அவருக்குச் செய்த நன்மைகள் கொஞ்சமல்ல. ஆனால் மாஸ்கோவுக்காக 1948இல் அடக்கிக்கொண்டவர், 1961இல் மாஸ்கோ விருந்தாளிக்காக அடங்க மறுத்தார் என்பதை நாம் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

அடுத்து மைய அரசின் அறிவியல் ஆய்வு மன்றத்தோடு சேர்ந்தார். அதன் கோப்புகளோடும் ஒத்துப்போகவில்லை. 1962இல் ஒரிசா முதலமைச்சர் பிஜு பட்நாயக் அழைக்க, புவனேசுவரம் சென்று மரபியல் ஆய்வகம் ஒன்றைத் தொடங்கினார். ஓரிரு ஆண்டுகளே மிஞ்சியிருந்தன. 1964 தொடக்கத்தில் இலண்டனில் குடல் புற்றுநோய்க்கு அறுவை நடந்தது. மருத்துவமனைப் படுக்கையில் அந்த நோயைக் கேலி செய்து, மற்றவர்கள் காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் போகட்டும் என்று ஒரு கவிதை எழுதினார். தாம் இறந்த பின் ஒளிபரப்ப, தம் இரங்கல் உரையைத் தாமே பிபிசிக்குப் பதிவு செய்தார். அதிலும் லைசென்கோவைப் பற்றிப் பேசினார். நல்ல உயிரியலாளர்தான், சில கருத்துகள் சரி, சில மிகவும் தவறு என்ற அதே சுற்றுவழி. முழுதாக அவர் கடைசிவரை சொல்லவில்லை.

1964 டிசம்பர் 1இல் புவனேசுவரத்தில் இறந்தார். ஸ்டாலினுக்குப் பின் வந்த குருஷ்சேவும் லைசென்கோவைத் தாங்கியவர்தான். அவர் அந்த அக்டோபரில்தான் பதவி இழந்திருந்தார். 1965இன் தொடக்கத்தில் லைசென்கோ மரபியல் கழகத்தின் தலைமையிலிருந்து நீக்கப்பட்டார். மெண்டல் ரஷ்யப் பாடநூல்களுக்குத் திரும்பினார். ஹால்டேன் கொண்டுவந்த ஆய்விதழ் சில காலம் நின்றுபோய், 1985இல் பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் அகாதமியால் மீண்டும் தொடங்கப்பட்டது.

அவர் விருப்பப்படி அடக்கமோ தகனமோ நடக்கவில்லை. உடலை ஆந்திராவின் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்று, மாணவர்கள் படிப்பதற்காக மேசையில் கிடத்தினார்கள்.